மடைக்கல் முன் செய்யாத சத்தியம்

வகுப்புத் தலைவர் இந்த மாதத் தொடக்கத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டாரே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரம் கழுவப் போனால் பாதியில் வந்துவிடுகிறேன். டிவியைப் போடுகிறேன், உடனே அணைக்கிறேன். மாடிக்குத் துணி எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். “அந்தக் காலத்துல நாலு பேர் இன்னா சொல்லுவான்னு பயந்தான், ஒழுங்கா இருந்தான். இன்னிக்கி எவனுக்கு எவன்கிட்ட பயம்?” என்று அவர் கேட்டார். நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் படத்தைப் போட்டீர்கள். நானும்தான் போட்டேன். போட்ட கையோடு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகிறது. ஆனால் ஐந்தாவது படித்த வருஷம் மட்டும் எனக்கு நேற்று போல இருக்கிறது. அந்த வருஷத்து மழையில்லாத பருவத்தைத்தான் சொல்லப் போகிறேன். முதல் பாதி உங்களில் பலருக்குத் தெரியும். பிற்பாதி எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது.

அந்த வருஷம் கல்வராயன் மலைமேல் தினமும் மேகம் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததே தவிர இறங்கவில்லை. சாயங்காலமானால் பெரியவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மலையைப் பார்த்து நிற்பார்கள். கோமுகி அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. கச்சிராயபாளையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் அணையைப் பற்றித்தான் பேச்சு. நமக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவு ஆகிவிட்டது, மீன் பிடிக்கச் சுலபமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம்.

எங்கள் வாய்க்காலுக்கு முறை வைப்பவர் என் அப்பா. எந்த நிலத்துக்கு எந்தக் கிழமை தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதை அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. முறை வைப்பவன் தனக்கென்று ஒரு கை தண்ணீர்கூட அதிகம் எடுக்கக் கூடாது என்பார். எடுக்கவும் மாட்டார். அப்பாவைத் திருடன் என்றோ பொய்யன் என்றோ சொன்னவர் ஊரில் ஒருத்தர் கிடையாது. எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை.

வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் போய்ச் சேரும் கடைமடையில் எங்களுக்கு ஒரு வயல் இருந்தது. அதைச் சர்ச்சுத் தெருவில் இருந்த ஒரு பொம்பளை குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். அவள் மகள் நம் வகுப்பில் முதல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவாள். கணக்கு நோட்டை மறைக்காமல் வைத்து எனக்குக் காட்டுவாளே, அவள்தான். நாங்கள் இரண்டு பேரும் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளைச் சேர்த்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். அந்த டப்பாவைக் குலுக்கினால் வரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தண்ணீர் குறைந்ததும், மேலே இருக்கும் கரும்புக்கு முதலில் பாய்ச்சிவிட்டுத்தான் கீழே விடுவது என்று ஊர் பேசி முடிவு செய்தது. அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் சிநேகிதியின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்து வைக்கோல்போர் ஓரமாக நின்றாள். நெல் பால் பிடிக்கும் நேரம், ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்று கேட்டாள். கரும்பு ஒரு வாரம் தாங்கும், நெல் தாங்காது என்றாள். அவள் கெஞ்சவில்லை. சந்தையில் விலை சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

அப்பா அவளைப் பார்க்காமல் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். “அது என் நெலம்மா. என் நெலத்துக்கு நானே முறைய மாத்தி உட்டேன்னு வையி, நாளைக்கி நாலு பேர் என் மூஞ்சப் பாத்து கேப்பான். கரும்பு முடியட்டும்.”

அவள் சரிங்க என்று போய்விட்டாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. அப்பாவிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் கேட்டாள். “இது ஞாயமா?”

“ஞாயம் வேற, முறை வேற. உனக்கு இது தெரியாது” என்றார் அப்பா. முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அதே வாரத்தில் வாய்க்காலின் மேல்பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டில் மூத்த பிள்ளைக்குக் கல்யாணம். பெண் வீடு வடக்கனந்தல். வகுப்புத் தலைவரே, உங்கள் அண்ணன் கல்யாணம்தான். கரும்பும் உங்கள் வீட்டுக் கரும்புதான். அதனால்தான் உங்கள் குரலில் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு அப்படி ஆகிவிட்டது. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்களும் என்னோடு டிராக்டர் டிப்பரில் உட்கார்ந்து வந்த பிள்ளைதானே.

ஊரே டிராக்டர்களில் ஏறிப் போனது. அன்றைய முறை கரும்புக்கு. கரும்புக்காரர் மடையைத் தன் வயல் பக்கம் திருப்பிவிட்டு, அது பாட்டுக்குப் பாயட்டும் என்று கல்யாணத்துக்கு வந்துவிட்டார். ஊரில் மிஞ்சியவர்கள் கிழடுகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான். சிநேகிதியின் அம்மா வரவில்லை. என் அம்மாவும் வரவில்லை. அம்மா அன்றைக்கு வீட்டுக்குத் தூரம்.

இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கும். நமக்குத் தெரியும். மாதத்தில் அந்த மூன்று நாள் எங்கள் வீட்டுப் பெண்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில்தான் இருக்க வேண்டும். தனித்தட்டு, தனிப்பாய், தனிச்சொம்பு. ஊறுகாய்ப் பானைப் பக்கம் போகக் கூடாது. துளசி கண்ணில் படக் கூடாது. முக்கியமாக, பயிரில் கால் வைக்கக் கூடாது, வாய்க்கால் தண்ணீரைத் தொடவே கூடாது. தொட்டால் பயிர் கருகும் என்பார்கள். இந்தக் கதையைக் கட்டினவன் யாரோ தெரியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆம்பளை பொம்பளை யாருக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை.

கல்யாணத்தில் கேசரி மூன்று தரம் வாங்கித் தின்றேன். பன்னீர் தெளிக்கும் சொம்பை வைத்துக்கொண்டு ஒருத்தி விடவே மாட்டேன் என்றாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டிராக்டரை விட்டு இறங்குவதற்குள் மேல்பக்கத்திலிருந்து கரும்புக்காரரின் சத்தம் கேட்டது. அவர் வயல் வாயை யாரோ மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழே திருப்பியிருந்தார்கள். கரும்பு வயலில் சொட்டு ஈரமில்லை. கடைமடை நெல்லில் தண்ணீர் தளதளவென்று நின்றது. புதுப் பெண்ணுக்கு ஆரத்தி எடுப்பதைக்கூட மறந்துவிட்டு எல்லோரும் வாய்க்காலுக்கு ஓடினார்கள்.

நான் அம்மாவிடம் போனேன். அம்மா சாய்ப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரையில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. என்னம்மா என்றதற்கு, மாட்டுத்தொட்டியண்டை வழுக்கிவிட்டது என்றாள். நான் கேசரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கேட்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் சத்தியம். வாய்க்கால் பிரியும் இடத்தில் மஞ்சள் பூசி வைத்த மடைக்கல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீரில் திருட்டு நடந்தால் அந்தக் கல்லின்மேல் கற்பூரம் ஏற்றி, அந்த வாய்க்காலில் பயிர் வைத்த ஒவ்வொருத்தரும் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டு. மடையை நான் மாற்றவில்லை என்பது ஒன்று. மாற்றியது யார் என்றும் எனக்குத் தெரியாது என்பது இன்னொன்று. அப்பாதான் முதலில் அடித்தார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவர் பொய்ச் சத்தியம் பண்ணவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதுதான் எனக்கு இப்போது ஆறவில்லை. ஒரு விதியைக்கூட மீறாமல் நின்று அவர் எத்தனை பெரிய அநியாயத்தைப் பண்ணினார்.

வரிசையாக எல்லோரும் அடித்தார்கள். சர்ச்சுத் தெருக்காரர்களும் அடித்தார்கள். சிநேகிதியின் அம்மாவுடைய கொழுந்தன் அடித்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கற்பூர வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து வந்தது. நான் அப்போது கரையோரச் சேற்றில் ஒரு வளையல் துண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கரும்பச்சை நிறம், அதில் தங்கப் பொட்டு. எங்கள் டப்பாவில் அந்த நிறம் இல்லவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவாடையில் துடைத்துச் சிநேகிதியிடம் காட்ட நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் மடைக்கல் பக்கமே பார்த்து நிற்பது தெரிந்தது.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சிநேகிதியின் அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் மாத்தலைங்க. அத எங்க வந்து வேணாலும் சொல்றேன். சத்தியம் மட்டும் கேக்காதீங்க. எங்க வேதத்துல கூடாதுன்னு இருக்குது.”

கரும்புக்காரர் சிரித்தார். “உங் கொழுந்தனுக்கு வேற வேதமா?”

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து கற்பூரம் அடித்தால் சரி, இல்லையென்றால் அறுப்பு முடிந்ததும் நிலத்தை விட்டுவிட வேண்டும். குத்தகைக்காரி என்று பார்த்தார் என நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நடுத்தெரு வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். அவளுக்கு வேறு நிலம் கிடையாது. அந்த வயல் போனால் அடுப்பு எரியாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு ஓடிவந்து வளையல் துண்டை அம்மாவிடம் தூரத்திலிருந்து காட்டினேன். உன்னோடது மாதிரியே இருக்குதும்மா என்றேன். அம்மா கையை நீட்டினாள். தொடக் கூடாதே என்று தரையில் வைத்தேன். அம்மா அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை. நான் அழுது புரண்டேன். மற்ற நேரமாயிருந்தால் கோணல் புத்தி என்று ஒரு அடி வைத்திருப்பாள். அன்றைக்கு அடிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கையை மூடியபடியே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் நம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். தண்ணித் திருடி மகள் என்று கூப்பிட்டீர்கள். யார் யார் கூப்பிட்டீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். அவள் ஒருத்தன் சிலேட்டைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டாள். வாத்தியார் அவளைத்தான் முட்டிபோட வைத்தார். முட்டிபோட்டபடியே என்னிடம் சொன்னாள், எங்கம்மா தூங்கறதே இல்ல, உக்காந்துக்கினே இருக்குது என்று.

எங்கள் வீட்டிலும் ஒன்று சரியில்லாமல் இருந்தது. மூன்று நாள் முடிந்தும் அம்மா உள்ளே வரவில்லை. இன்னும் ஆகவில்லை என்றாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தனியாகச் சமைத்துச் சமைத்து அலுத்துப்போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். வெயில் சூடு, பொம்பள ஒடம்பு இப்படித்தான் என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். அம்மா அதையும் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சிநேகிதியின் அம்மா வந்தாள். அதே முந்தானை, அதே பேச்சு. கரும்புக்காரர் கற்பூரத்தை அவர் கையாலேயே ஏற்றினார். அது எரிந்து தானாக அணையும் வரைக்கும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா தீர்ப்பைச் சொல்லிவிட்டு வந்து கிணற்றடியில் கை கழுவினார். மறுநாள் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வருஷம் வாய்க்காலில் வேறு எந்த நெல்லும் சரியாக விளையவில்லை. அந்தக் கடைமடை நெல் மட்டும் தலை சாய்த்துக்கொண்டு நின்றது. அறுத்து, எங்கள் பங்கை மூட்டை கட்டி அவளே கொண்டுவந்து இறக்கினாள். ஒரு படி குறைவில்லை என்று அப்பாவே சொன்னார். அந்த அரிசி தீரும் வரைக்கும் அம்மா கேழ்வரகுக் கூழ்தான் குடித்தாள். அரிசி வாய்க்குப் பிடிக்கவில்லையாம்.

சிநேகிதி டி.சி. வாங்கிய அன்று நான் பவுடர் டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவளும் அவள் அம்மாவும் இரண்டு சாக்கும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக மலைக்குப் போகும் லாரியில் ஏறிப் போனார்கள். மலைமேல் சர்ச்சுச் சாமியார்கள் நடத்திய பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஊர் அவளை மறந்துவிட்டது. அப்பாவை மறக்கவில்லை. சொந்தக் குத்தகைக்காரி என்றுகூடப் பார்க்காத மனுஷன் என்று அவர் செத்த அன்றைக்கும் பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள். நான் அழுகைக்கு நடுவிலும் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இனி இந்த மாதத்துக் கதை.

குழுவில் யாரோ நம் சிநேகிதியின் எண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள், ஒன்றும் எழுத மாட்டாள். தலைவரின் குரல் செய்திக்குக் கைகூப்பும் படம் போடாதவள் அவள் ஒருத்திதான். நான் அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டேன். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்று மலையிலேயே இருக்கிறாளாம். அம்மாவும் இருக்கிறாராம். எனக்கு அதற்கப்புறம் வீட்டில் நிற்க முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். மலையேறும் வளைவுகளில் வாந்தி வருமோ என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன்.

அந்தம்மா திரைபோட்ட ஒரு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். உடம்பு சுருங்கிவிட்டது. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. பாப்பா என்று என்னை உடனே கண்டுபிடித்துவிட்டார். அந்த டப்பா எங்கே என்று சிநேகிதியிடம் கேட்டேன். விடுதி மாறும்போது எங்கோ போய்விட்டது என்றாள். டீ குடித்தோம். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நேராகக் கேட்டுவிட்டேன். உங்கள் கொழுந்தன்கூட அடித்தாரே, நீங்கள் ஏன் அடிக்கவில்லை, வேதத்துக்குப் பயந்தா, உங்கள் சாமியார் கேட்பார் என்று பயந்தா?

அந்தம்மா புளியைக் கீழே வைத்தார்.

“ரெண்டாவதா ஒண்ணு சொல்லச் சொன்னாங்களே பாப்பா. யார் மாத்துனதுன்னு தெரியாதுன்னு. எனக்குத் தெரியுமே. தண்ணி வருதேன்னு வாய்க்கா மேலயே ஏறி வந்தேன். உங்கம்மா கையில மம்முட்டியோட நிக்கிது.”

எனக்கு வளையல் துண்டு ஞாபகம் வந்தது. சேலைக் கரை ஞாபகம் வந்தது.

“மொத பாதிய மட்டும்னா எத்தினி தரம் வேணாலும் அடிச்சிருப்பேன். தெரியும்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க. அதான் வேதத்த இழுத்து உட்டுக்கினேன். அந்தப் பொய்க்கி மட்டும் சாமியாருகிட்ட ஒத்துக்கினு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஊரில் ஒருவருக்கும் அம்மாமேல் சந்தேகமே வராது, அந்த நாளில் ஒரு பொம்பளை வாய்க்காலில் இறங்குவாள் என்று யாருடைய புத்திக்கும் எட்டாது என்பது அவருக்குத் தெரியும். தான் வாயைத் திறந்தால்தான் உண்டு. திறந்திருந்தால் அம்மாவை மடை மாற்றியதற்கு மட்டுமா பேசியிருப்பார்கள்? தீட்டோடு வாய்க்காலில் இறங்கினாள் என்று, அந்த வருஷம் காய்ந்த அத்தனை பயிரையும் அவள் தலையில்தான் கட்டியிருப்பார்கள்.

எங்கம்மா வந்து சொல்லும் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வெள்ளிக்கெழம வரைக்கும் நெனச்சேன்” என்றார். “அப்பறம் நெனைக்கல.”

எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். அவருக்கு அலுப்பு வந்துவிட்டது. தண்ணி உட்டவள காட்டிக்குடுத்துட்டு அந்த நெல்ல எப்பிடி பாப்பா அறுக்கறது என்றார். அதோடு புளியை எடுத்துக்கொண்டார். நிலமும் ஊரும் பிள்ளையின் படிப்பும் போகும் என்று தெரிந்தே செய்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது. நான்தான் இறங்கும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்காத மத்தியானத்தில் நல்லது செய்தவள் என் அம்மா. ஊரே பார்க்கும்போது அதைச் சொல்ல முடியாமல் போனவளும் அவள்தான். இதில் எது என் அம்மா?

அம்மா இப்போது என்னோடு கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். இத்தனை வருஷமும் அந்தப் பேச்சு வந்தால் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்வாள், அவ வேதம் அப்பிடி என்று. அப்படி நினைத்துத்தான் நிம்மதியாக இருக்கிறாள், இந்த வயதில் அதைக் கெடுப்பதா என்று பஸ்ஸில் யோசித்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா கூடத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கொட்டிவிட்டேன். அவங்க உன்னைப் பார்த்தாங்களாம்மா, உனக்காகத்தான் சத்தியம் பண்ணலையாம்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

“பாத்தான்னு தெரியும். நானும் அவளப் பாத்தேனே. வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்தா.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அம்மாவாகவே பேசினாள்.

“எனக்கு மூணாம் நாளே சரியாயிடுச்சி. இன்னும் ஆவல ஆவலன்னு சொல்லிக்கினு கொட்டாயிலயே ஒக்காந்திருந்தேன். உள்ள வந்துட்டா, மடைக்கல்லாண்ட போயி சொல்லிடலாமே. போவாததுக்கு ஒரு சாக்கு வேணும் இல்ல? நாளைக்கி சொல்லிடலாம், நாளைக்கி சொல்லிடலாம்னே வெள்ளிக்கெழம வந்துடுச்சி.”

கையில் இருந்த பருப்பைத் தட்டில் போட்டாள். அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன். அவளுக்காகவா, மலைமேல் இருப்பவருக்காகவா, அப்பாவின் சாவுப் பந்தலில் நிமிர்ந்து உட்கார்ந்த எனக்காகவா என்று தெரியாமல் அழுதேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, உன் கூட்டாளிங்க எல்லாம் அந்த போன்ல இருக்காங்க இல்ல, அதுல போடு என்றாள். நம்மூர்க்காரங்க அத்தினி பேரும் படிக்கட்டும் என்றாள். அப்புறம்தான் சிநேகிதியின் அம்மாவைப் பார்க்க நான் அம்மாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். சொல்லாமல் அவள் முகத்தில் விழிக்க மாட்டாளாம்.

சிநேகிதியைக் கேட்டேன். அவள் தன் அம்மாவைக் கேட்டாள். உங்கம்மா இஷ்டம் என்று அங்கிருந்து பதில் வந்தது. எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தும் ஒரு வாரம் ஆகிவிட்டது. காற்புள்ளி வைக்கிறேன், எடுக்கிறேன். தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சின்னசேலம், அவர்களும் நம் ஊரில் பெண் கொடுத்தவர்கள்தான். கல்யாணம் முடியட்டுமே என்று ஒரு யோசனை. அப்பாவின் பேருக்கு என்ன ஆகும் என்று ஒரு யோசனை. உங்களுக்குப் பதில் சொல்லக் கிளம்பிய எனக்கு உங்கள் முகம் ஒவ்வொன்றும் கண்முன்னால் வந்து நிற்கிறது. படித்துவிட்டு என்ன நினைப்பீர்களோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

இன்று காலையில் அம்மா குளித்துவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“போட்டுட்டியா?”

“இல்லம்மா. நாளைக்கிப் போடறேன்.”

அம்மா என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நானும் அன்னிக்கி அதத்தான்டி சொன்னேன்” என்றாள்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருத்த நிற்கவில்லை. மலைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்ப வேண்டும். இதோ, அனுப்புகிறேன்.